மரபியலை இணையத்தில் நடத்தத் தொடங்குபவர்களுக்கு: நூல், நாணயம், பூவன்பழம்

மரபியல் வகுப்பில் மாணவர்கள் வழிதவறும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். குரோமோசோம் படம் செல்லியல் பாடத்தில் வரும். ஒரு மரபணுவின் இரு வடிவங்களைக் குறிக்கும் பெரிய ஆர், சின்ன ஆர் என்ற எழுத்துகள் மெண்டல் பாடத்தில் வரும். அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் இடமே குரோமோசோம்தான் என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. அதனால், பெற்றோரின் எழுத்துகளைச் சேர்த்துப் பிள்ளைகளின் வாய்ப்பைக் கணிக்கும் புன்னட் கட்டம் அவர்களுக்கு ஒரு குறுக்கெழுத்துக் கட்டம்போல ஆகிவிடுகிறது. விடை வரும், ஏன் வந்தது என்று தெரியாது.

பள்ளி அறையில் இந்தக் குழப்பம் முகத்தில் தெரிந்துவிடும். இணையத்தில் 40 பேரும் கேமராவை அணைத்துவிட்டுப் பெயர்ப்பலகைகளாக இருப்பார்கள். ஆகவே வகுப்பை முன்கூட்டியே வேறு மாதிரி கட்ட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறது: முதலில் கேள்வி, அடுத்து குரோமோசோம், அதன் மேல் எழுத்து, கடைசியில் கலைச்சொல். மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் இது பொருந்தும்.

விடை தெரியாத கேள்வியோடு தொடங்குங்கள்

"இன்று நாம் குன்றல் பகுப்பு பார்க்கப் போகிறோம்" என்று தொடங்கினால் பாதிப் பேர் அப்போதே வேறு பக்கம் போய்விடுவார்கள். (விந்து, முட்டை போன்ற இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பே குன்றல் பகுப்பு.) ஒரு பூவன்பழத்தைக் கேமரா முன் நீளவாக்கில் அறுத்துக் காட்டுங்கள். நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். "இவை விதையாக வேண்டியவை. ஏன் ஆகவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள்.

பூவன் ஒரு மும்மடிய வாழை. மியூசா அக்யூமினேட்டா என்ற காட்டு வாழையிலிருந்து இரண்டு தொகுதி, மியூசா பால்பிசியானாவிலிருந்து ஒரு தொகுதி, ஆக மூன்று தொகுதி குரோமோசோம்கள் அதில் உள்ளன. தொகுதிக்கு 11 வீதம் மொத்தம் 33. காட்டு வாழைகளில் 22தான். அவற்றில் பல்லை உடைக்கும் கெட்டி விதைகள் இருக்கும். இரண்டிரண்டாக இணைய வேண்டிய இடத்தில் மூன்று வந்து நின்றால் என்ன ஆகும் என்பதே அன்றைய பாடம் முழுவதும். குன்றல் பகுப்பு புரியாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது, புரிந்துவிட்டால் விடை தானாக வந்துவிடும். நல்ல தொடக்கக் கேள்விக்கு இதுவே அடையாளம்.

ஒவ்வொரு தலைப்புக்கும் இப்படி ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். மரபணுக்களின் ஊடாட்டத்துக்கு: தாய்க்கு ஓ வகை ரத்தம், தந்தைக்கு ஏ வகை, குழந்தைக்கு ஏபி; ஆய்வகத்தில் தவறு நடக்கவில்லை; இது எப்படிச் சாத்தியம்? 1952இல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்டறிந்த பம்பாய் ரத்தவகைதான் விடை. தாயிடம் பி அல்லீல் (ரத்தவகை மரபணுவின் பி வடிவம்) இருக்கிறது. ஆனால் ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் பொருளை உண்டாக்கும் மரபணு அவரிடம் வேலை செய்யவில்லை. சோதனையில் அவர் ஓ போலத் தெரிகிறார். தந்தையிடமிருந்து வேலை செய்யும் எச் கிடைத்ததும் தாயின் பி குழந்தையிடம் வெளிப்பட்டுவிடுகிறது.

எக்ஸ் குரோமோசோம் பாடத்துக்குத் தெருவில் திரியும் பூனையே போதும். கறுப்புத் திட்டும் ஆரஞ்சுத் திட்டும் ஒரே உடம்பில் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருப்பது ஏன்? திடீர் மாற்றத்துக்கு நீலகிரியைச் சொல்லலாம். இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹீமோகுளோபின் பீட்டா மரபணுவில் ஜி.ஏ.ஜி என்ற மூன்றெழுத்து ஜி.டி.ஜி ஆகிறது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வருகிறது. ஓர் எழுத்து மாறியதால் ரத்தச் செல்லின் வடிவமே மாறுகிறது. அங்கிருந்து டி.என்.ஏவை ஆர்.என்.ஏவாகப் படியெடுத்தல், அதைப் புரதமாக மொழிபெயர்த்தல் என்று பின்னோக்கிப் போனால் மாணவர்கள் கூடவே வருவார்கள்.

கேள்வி கேட்டதும் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஆனால் "மூன்று, இரண்டு, ஒன்று, அனுப்பு" என்று நீங்கள் சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதலில் அனுப்பும் மாணவரின் விடையையே மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். ஊகம் தவறாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஊகித்தவருக்கு விடையைத் தெரிந்துகொள்ளும் ஆவல் வந்துவிடும், அதுதான் வேண்டியது.

எந்த எழுத்து?

சின்ன விஷயம்போலத் தெரியும். இணைய வகுப்பில் இதுவே நிறையப் பேரைக் குழப்புகிறது. ஆங்கிலத்தின் சி, எஸ், டபிள்யூ, ஓ, கே ஆகிய எழுத்துகளைக் கையால் எழுதும்போது பெரியதும் சிறியதும் ஒன்றுபோலவே இருக்கும். கைபேசித் திரையில் வேறுபாடு அறவே தெரியாது. இன்னொரு சிக்கல் நம் நாவில் இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதையும் பதினாறாவதையும் நாம் "பி" என்கிறோம், நான்காவதையும் இருபதாவதையும் "டி" என்கிறோம். விட்டுவிட்டு வரும் இணைப்பில் எதைச் சொன்னீர்கள் என்று யாருக்கும் பிடிபடாது.

ஏ, ஜி, ஆர் மூன்றும் பாதுகாப்பானவை. கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாகத் தெரியும். பாடநூல் நெட்டைக்கு டி எழுத்தைப் பயன்படுத்துகிறது என்றால் தேர்வுக்காகக் கடைசி ஐந்து நிமிடத்தில் அதற்கு மாறுங்கள். விளக்கும்போது வேண்டாம். எழுதும் ஒவ்வொரு தடவையும் "பெரிய ஆர், சின்ன ஆர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேருந்தில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்கும் மாணவரும் இருக்கிறார்.

மேசையும் கேமராவும்

விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வேண்டியவை: முகத்தைக் காட்ட ஒரு கணினி, மேசையைக் காட்ட ஒரு பழைய கைபேசி, சட்டையில் குத்தும் ஒலிவாங்கி. கைபேசியை மேசைக்கு மேல் 35 முதல் 40 செ.மீ உயரத்தில் நேர்கீழே பார்க்கும்படி வையுங்கள். அதற்கென்றுள்ள தாங்கி இல்லாவிட்டால், இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் பாலம்போல ஒரு மரச்சட்டத்தை வைத்து, கைபேசியின் கேமரா விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டலாம். அந்தக் கைபேசி இரண்டாவது நபராக வகுப்பில் சேரும். அதன் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி இரண்டையும் அணைத்துவிடுங்கள். மறந்தால் எதிரொலி ஊளையிடும்.

கேமராவின் வெளிச்சத்தைப் பூட்டிவிடுவது முக்கியம். திரையில் காகிதத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் நிலைத்துவிடும். பூட்டாவிட்டால் உங்கள் கை சட்டத்துக்குள் வரும்போதெல்லாம் படம் வெளிறும், கறுக்கும். ஜன்னல் உங்களுக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். பின்னால் இருந்தால் முகம் நிழலுருவாகிவிடும்.

மின்விசிறி இந்த ஊரில் பெரிய எதிரி. ஒலிவாங்கியில் காற்று நேராகப் பட்டால் பேச்சு தேய்ந்து கேட்கும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, விசிறியை நிறுத்திவிட்டோ வேகத்தைக் குறைத்துவிட்டோ பேசுங்கள். வெறும் சுவருள்ள அறையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி கணிசமாகக் குறையும். படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார்.

ஜெல் பேனா கோடு திரையில் தெரியாது. ஒரு மி.மீ அல்லது அதைவிடத் தடித்த மார்க்கர் பேனா வேண்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்து, அந்தப் பாதித் தாள் சட்டத்தை நிரப்பும்படி வையுங்கள். அதில் ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டாம். வகுப்புக்கு முந்தைய நாள் இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அதை ஒரு சின்னக் கைபேசியில், 360பி தரத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் மாணவர்களில் பலர் பார்க்கப்போவது அப்படித்தான்.

வண்ணங்களில் நீலமும் ஆரஞ்சும் இணையாக வரட்டும். சிவப்பு-பச்சை வேண்டாம். சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் வரும் பண்பு, ஆண்களிடம் அதிகம். உங்கள் வகுப்பிலேயே ஓரிருவர் இருக்கக்கூடும், அவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். தவிர, காணொளியைச் சுருக்கும்போது நிற விவரம்தான் முதலில் குறைக்கப்படுகிறது. மெல்லிய சிவப்புக் கோடு அதனால் கலங்கித் தெரியும்.

நூலும் பிரஸ் பட்டனும்

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள், இதுதான் பாடத்தின் உயிர். அசைவூட்டப் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும், மாணவர் வேடிக்கை பார்ப்பார். கையால் நகர்த்தும்போது ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் நிறுத்தி "அடுத்து என்ன?" என்று கேட்க முடிகிறது.

தேவையானவை: தடித்த உல்லன் நூல், நீலத்திலும் ஆரஞ்சிலும். ஒவ்வொரு நிறத்திலும் 15 செ.மீ துண்டு இரண்டு, 8 செ.மீ துண்டு இரண்டு. ஆக எட்டுத் துண்டுகள். தையல் கடையில் கிடைக்கும் பெரிய அளவு பிரஸ் பட்டன் நான்கு ஜோடி. ஒவ்வொரு நூலின் நடுவிலும் பட்டனின் ஒரு பாதியைத் தைத்துவிடுங்கள். நீல நீளநூல் இரண்டிலும் பெரிய ஜி என்று சிறு காகிதச் சீட்டு ஒட்டுங்கள், ஆரஞ்சு நீளநூல் இரண்டிலும் சின்ன ஜி. குட்டை நூல்களில் அதேபோல நீலத்துக்குப் பெரிய ஆர், ஆரஞ்சுக்குச் சின்ன ஆர். நீலம் தாயிடமிருந்து வந்தது, ஆரஞ்சு தந்தையிடமிருந்து வந்தது.

முதலில் நான்கு நூல்களை மட்டும் ஒரு பெரிய வட்டத்துக்குள் வையுங்கள். இது செல். குரோமோசோம் எத்தனை? நான்கு. இனி ஒவ்வொன்றுக்கும் அதன் நகலைக் கொண்டுவந்து பட்டனை அழுத்தி மாட்டுங்கள். இப்போது எத்தனை என்று கேளுங்கள். எட்டு என்று ஒரு பெரிய கூட்டம் சொல்லும். மாட்டிய பட்டன்களை எண்ணச் சொல்லுங்கள்: நான்கு. பட்டன் இருக்கும் இடம்தான் சென்ட்ரோமியர்; அதை எண்ணினால் குரோமோசோம் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்ற விதி இங்கேயே அவர்கள் கையில் வந்துவிடுகிறது.

இரண்டாவது குழப்பமும் இதே இடத்தில்தான். பட்டனால் சேர்ந்திருக்கும் இரு நகல்கள், அதாவது சகோதரி குரோமாட்டிட்கள், இரண்டிலும் எந்த எழுத்து இருக்கும்? ஒன்றில் பெரிய ஜி, மற்றொன்றில் சின்ன ஜி என்று வரையும் மாணவர்கள் ஏராளம். எக்ஸ் வடிவத்தைப் பார்த்ததும் ஒரு கால் தாயுடையது, மறுகால் தந்தையுடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள். நகல் என்றால் நகல்தான், எழுத்தும் அதேதான். நிறத்தைக் காட்டியே இதைத் தீர்த்துவிடலாம்.

அடுத்து ஒத்திசைவு ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நீல நீளத்தோடு ஆரஞ்சு நீளம். நடுக்கோட்டில் வரிசைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: இரண்டு நீலமும் ஒரே பக்கம், அல்லது பக்கத்துக்கு ஒரு நீலம். எது நடக்கும் என்பது தற்செயல். ஒரு மாணவரைப் பூவா தலையா கேட்டு முடிவுசெய்யுங்கள். முதல் பகுப்பில் ஜோடிகள் பிரியும், பட்டன் திறக்காது. இரண்டாம் பகுப்பில் பட்டன் திறக்கும். அந்த "டிக்" சத்தம் ஒலிவாங்கியில் விழட்டும். முதல் பகுப்புக்கும் இரண்டாம் பகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சத்தம் நினைவில் நிறுத்திவிடும்.

கிடைத்த நான்கு இனச்செல்களையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு வகைதான் இருக்கும், வகைக்கு இரண்டு. "புத்தகத்தில் நான்கு வகை என்று போட்டிருக்கிறதே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். குறுக்கே கலத்தல் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) இல்லாதபோது ஒரு தாய்ச்செல் இரண்டு வகையைத்தான் தரும். வரிசை மாறிய இன்னொரு செல் மற்ற இரண்டு வகையைத் தரும். ஆயிரக்கணக்கான செல்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நான்கும் சமமாக வருகின்றன. சார்பின்றி ஒதுங்குதல் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட இந்த இடத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

குறுக்கே கலத்தலுக்கு, நீள ஜோடியின் உட்பக்க இரு நூல்களையும் நுனியிலிருந்து 4 செ.மீ தள்ளிக் கத்தரித்து, துண்டுகளை மாற்றி செல்லோடேப்பால் ஒட்டுங்கள். நீலத்தின் நுனியில் ஆரஞ்சு தெரிவதைப் பார்த்த மாணவருக்கு மறுசேர்க்கை என்ற சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. ஒட்டிய நூல்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சேர்ந்தே செல்வதைப் பற்றிய பிணைப்புப் பாடத்துக்கு அவை வேண்டும்.

இப்போது பூவன்பழத்துக்குத் திரும்புங்கள். மூன்றாவதாக ஒரு மஞ்சள் நூலை ஜோடியின் பக்கத்தில் வையுங்கள். இது யாரோடு போகும்? ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று பிரியும், எந்தப் பக்கம் என்பது தற்செயல். இதே நிலை 11 வகைக் குரோமோசோமுக்கும். எல்லா இரட்டைகளும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் முழுத்தொகுதிகளுள்ள இனச்செல் கிடைக்கும். எளிய கணக்கில் அதற்கான வாய்ப்பு 1024இல் ஒன்று. மற்றதெல்லாம் கூடக்குறைய எண்ணிக்கையுள்ள, பெரும்பாலும் பயனற்ற இனச்செல்கள். ஆகவே விதை உருவாவது மிக அரிது. (கருவுறாமலே கனியாகும் தன்மையும் வாழைக்கு உண்டு. அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மும்மடியம் இருந்தாலே பழம் வந்துவிடும் என்று நினைத்துவிடுவார்கள்.) "குன்றல் பகுப்பு", "மும்மடியம்" என்ற சொற்களை இங்கே அறிமுகப்படுத்துங்கள். ஆங்கிலச் சொல்லையும் அதே சீட்டில் எழுதிக் காட்டுங்கள். தமிழ்வழி மாணவருக்குக் கல்லூரியில் அது தேவைப்படும்.

45 நிமிட வகுப்பில் இதற்கு 20 நிமிடம் கொடுங்கள். அவசரப்பட்டு 8 நிமிடத்தில் முடித்தால் நூல் காட்டியதில் பயனில்லை.

பூவா தலையா

புன்னட் கட்டத்தை இப்போது வரையலாம். கட்டத்தின் விளிம்பில் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் ஓர் இனச்செல் என்பதை நினைவூட்ட, எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு உள்ளே ஒரு கோட்டுக் குரோமோசோம் வரையுங்கள். இருபண்புக் கலப்பில் "பெரிய ஜி சின்ன ஜி" என்று ஒரே இனச்செல்லில் எழுதும் தவறு இதனால் பெருமளவு குறையும். ஒரே நீளமுள்ள இரண்டு நூல் ஓர் இனச்செல்லில் இருக்க முடியாது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் 3:1, அதாவது வெளிப்படும் (ஓங்கு) பண்பு மூன்றுக்கு மறைந்திருக்கும் (ஒடுங்கு) பண்பு ஒன்று என்ற விகிதம். நான்கு குழந்தை பிறந்தால் மூன்றுக்கு ஒன்று என்று கட்டாயம் வரும் என்றே பலர் நம்புகிறார்கள். பாடத்தைத் தாண்டியும் இந்த நம்பிக்கை ஆபத்தானது. தாலசீமியா மரபணுவைச் சுமக்கும் பெற்றோருக்கு முதல் குழந்தை நோயோடு பிறந்துவிட்டால், அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்று தவறாகக் கணக்குப் போட இது இடம்கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு புதிதாக நாலில் ஒன்றுதான். இதைச் சொல்லாமல் வகுப்பை முடிக்கக் கூடாது.

சொல்வதைவிட நாணயம் நன்றாகச் சொல்லும். ஒவ்வொரு மாணவரும் இரண்டு நாணயம் எடுத்துக்கொள்ளட்டும்; ஒன்று தாய், ஒன்று தந்தை. தலை விழுந்தால் பட்டாணியை உருண்டையாக்கும் பெரிய ஆர், பூ விழுந்தால் சுருங்கவைக்கும் சின்ன ஆர். இரண்டும் பூவானால் சுருங்கிய பட்டாணி. நான்கு முறை சுண்டி, எத்தனை சுருங்கியவை என்று கூகுள் படிவத்தில் இடச் சொல்லுங்கள். சரியாக 3:1 வருவதற்கான வாய்ப்பு 256இல் 108, அதாவது 42 சதவீதம்தான். 40 பேரில் ஏறக்குறைய 17 பேருக்கு 3:1 வரும், 13 பேருக்கு ஒரு சுருங்கிய பட்டாணிகூட வராது, எட்டுப் பேருக்கு இரண்டு வரும். உங்கள் வகுப்பில் எண்கள் சற்று முன்பின் இருக்கும், அதையும் காட்டுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் 20 முறை சுண்டட்டும். 800 முடிவுகளையும் ஒரே தாளில் கூட்டிக் காட்டினால் விகிதம் மூன்றை நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் மெண்டலின் உண்மை எண்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்: உருண்டை 5474, சுருங்கியது 1850, விகிதம் 2.96. மஞ்சள் 6022, பச்சை 2001, விகிதம் 3.01. நெட்டை 787, குட்டை 277, விகிதம் 2.84. எண்ணிக்கை குறையும்போது விகிதம் மூன்றிலிருந்து விலகுவதை மாணவர்களே சுட்டிக்காட்டுவார்கள். புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவர் ஏன் இத்தனை பட்டாணிகளை எண்ணினார் என்பதும் அப்போது விளங்கும்.

ஓங்கு என்பதற்குப் "பலமானது" என்று பொருள் சொல்லிவிடாதீர்கள். கையில் ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது, ஆனாலும் அரிது. ஓ ரத்தவகை ஒடுங்கு, ஆனால் ஊரெல்லாம் உண்டு. ஓங்கு என்பது பரவலைப் பற்றிய சொல்லே இல்லை. சுருங்கிய பட்டாணியின் கதையைச் சொன்னால் இது தெளிவாகும். மாவுப்பொருளைக் கிளைக்க வைக்கும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு டி.என்.ஏ துண்டு புகுந்து அதைக் கெடுத்துவிட்டது என்று 1990இல் கண்டறிந்தார்கள். நொதி இல்லாத விதையில் சர்க்கரை தங்குகிறது, சர்க்கரை நீரை இழுக்கிறது, காயும்போது தோல் சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதிய நொதி கிடைத்துவிடும். ஓங்கு என்பதன் பொருள் இந்த இடத்தில் அவ்வளவுதான்.

கைவிட வேண்டிய எடுத்துக்காட்டுகள்

நாக்கைச் சுருட்டுதல், காதுமடல் ஒட்டியிருத்தல் இரண்டையும் ஒற்றை மரபணுப் பண்புகளாகக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். நாக்குச் சுருட்டலை 1940இல் எழுதிய மரபியலாளர் ஸ்டர்ட்வன்ட்டே பின்னர் அது நிலைக்காது என்று ஒப்புக்கொண்டார். ஒரே கருமுட்டை இரட்டையரில் ஒருவர் சுருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை என்பது 1952லேயே தெரிந்துவிட்டது. அம்மா, அப்பா இருவராலும் நாக்கைச் சுருட்ட முடியாது, தன்னால் முடிகிறது என்று காணும் சிறுவனுக்கு வீணான சந்தேகத்தை விதைத்துவிடுவோம்.

அதே காரணத்துக்காக மாணவர்களின் சொந்த ரத்தவகை, குடும்ப நோய், தோல் நிறம் ஆகியவற்றைப் பயிற்சியாகக் கேட்காதீர்கள். இணைய வகுப்பில் பின்னால் வீட்டார் இருப்பார்கள், பதிவு ஓடிக்கொண்டிருக்கும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். கற்பனைக் குடும்பங்களை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்.

உறவுத் திருமணம் பற்றிப் பேசத்தான் வேண்டும், ஆனால் பக்குவமாக. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். எண்களைக் கொண்டு பேசுங்கள். மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக நாலில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒன்று. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒடுங்கு அல்லீல் இரு வழியிலும் வந்து ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அதற்கேற்பக் கூடுகிறது. கூடுகிறது என்றால் கட்டாயம் நடக்கும் என்று பொருளில்லை. யாருடைய பெற்றோரையும் குற்றம் சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள்

10 நிமிடத்துக்கு ஒரு வாக்கெடுப்பு போதும். நான்கு விடைகளில் தவறான மூன்றும் மாணவர்கள் உண்மையில் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். மேலே சொன்ன "எட்டுக் குரோமோசோம்" அப்படி ஒன்று. கால்வழி வரைபடத்துக்கு இதோ இன்னொன்று: ஒடுங்கு நோயுள்ள சிறுமியின் நோயற்ற அண்ணன், அந்த அல்லீலைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலோர் பாதி என்பார்கள். அவருக்கு நோயில்லை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் புன்னட் கட்டத்தின் நான்கு அறைகளில் ஒன்றை அடித்துவிடலாம். மீதி மூன்றில் இரண்டு சுமப்பவை; விடை மூன்றில் இரண்டு.

சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை வந்தால், விடையைச் சொல்லாமல் மூன்று மூன்று பேராகப் பிரித்து மூன்று நிமிடம் பேச விட்டு மறுபடி வாக்கெடுங்கள். 30க்குக் கீழே வந்தால் விளக்கம் போதவில்லை. நூலை மீண்டும் எடுங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். கேள்விக்குப் பின் முழுதாக 20 வினாடி மௌனமாக இருங்கள். இணையத்தில் அது நீண்ட நேரமாகத் தோன்றும், ஆனால் கைபேசியில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும்.

பிணைப்புப் பாடத்தில் வாக்கெடுப்பைவிடப் புதிர் நன்றாக எடுபடும். 1911இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஸ்டர்ட்வன்ட், ஒரே இரவில் பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் உள்ளன என்று வரைபடம் போட்டார். 1913இல் அது வெளியானது. மரபணுக்களின் இடைவெளிக்கு அவர் தந்த எண்களையே கொடுங்கள்: மஞ்சள் உடலிலிருந்து வெள்ளைக் கண் 1.0 அலகு, செந்தூரக் கண் 30.7 அலகு. குட்டைச் சிறகு செந்தூரக் கண்ணிலிருந்து 3.0, மஞ்சள் உடலிலிருந்து 33.7. இந்த நான்கு மரபணுக்களையும் ஒரே கோட்டில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தங்கள் வயதை ஒத்த ஒருவர் செய்ததைத் தாங்களும் ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கும்போது மாணவர்களுக்கு வரும் உற்சாகத்தை உரையாடல் பெட்டியிலேயே பார்க்கலாம்.

டி.என்.ஏவைக் கண்ணால் காட்டுதல்

பாதி வாழைப்பழம், 100 மி.லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். முதலில் பழத்தைத் தண்ணீரோடு பிசைந்து, பிறகு உப்பும் திரவமும் சேர்த்து நுரை வராமல் மெல்லக் கலக்குங்கள். 10 நிமிடம் கழித்து மெல்லிய வேட்டித் துணியில் பிழியாமல் வடியவிடுங்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் கால்பங்கு வடிநீர் எடுத்து, உறைபெட்டியில் குளிரவைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அதே அளவு, குவளையின் ஓரமாக வழியவிட்டு ஊற்றுங்கள். அசைக்காமல் ஐந்து நிமிடம் வைத்தால் இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் வெண்ணிற இழை எழும்பும். திரவம் சவ்வுகளைக் கரைக்கிறது, உப்பு டி.என்.ஏவின் எதிர்மின் ஏற்றத்தை மட்டுப்படுத்துகிறது, குளிர்ந்த ஆல்கஹாலில் அது கரையாமல் வெளிவருகிறது.

இழை வராமல் போனால் காரணம் பெரும்பாலும் ஆல்கஹால்தான். 70 சதவீத ஸ்பிரிட்டிலோ கைகழுவும் திரவத்திலோ தண்ணீர் அதிகம். 90க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். குவளைக்குப் பின்னால் கறுப்புத் துணி வையுங்கள், வெள்ளைப் பின்னணியில் கேமராவுக்கு எதுவும் தெரியாது. எழும்புவது தூய டி.என்.ஏ என்று சொல்லாதீர்கள், பெக்டினும் புரதமும் அதில் கலந்திருக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. மாணவர்கள் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதிவும் அடுத்த வகுப்பும்

நேரலைப் பதிவை 45 நிமிடக் கோப்பாக அப்படியே போடாதீர்கள். இணையப் பாடக் காணொளிகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, எவ்வளவு நீளமான காணொளியானாலும் பார்வையாளர் ஊன்றிப் பார்க்கும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவது அரிது என்று கண்டது. ஒரு கேள்விக்கு ஒரு துண்டு என்று வெட்டி, கேள்வியையே தலைப்பாக வையுங்கள்: "பட்டன் எப்போது திறக்கும்?", "பூவனில் விதை ஏன் இல்லை?" அதே ஆய்வில், நேரில் கையால் வரைந்து விளக்கிய காணொளிகள் வில்லைக் காட்சிகளைவிட நன்றாகப் பார்க்கப்பட்டதும் தெரிந்தது. உங்கள் கோடு கோணலாக இருந்தாலும் அச்சிட்ட படத்துக்குப் பதில் அதையே வையுங்கள்.

வகுப்பு முடிந்ததும் வாக்கெடுப்பில் வந்த தவறான விடைகளை ஒரு குறிப்பேட்டில் எண்ணிக்கையோடு எழுதுங்கள். அடுத்த வகுப்பின் முதல் கேள்வி அதில் முதலிடம் பிடித்த தவறிலிருந்து வரட்டும். புதிய கேள்வி தேவைப்பட்டால் கோயம்புத்தூருக்குப் போகலாம். அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிலையம் 1918இல் தந்த கோ 205, பயிரிடும் கரும்பையும் நாணல்போன்ற காட்டுக் கரும்பையும் கலந்து உருவானது. அதே நிலையத்தில் பின்னர் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1945இல் பிரிட்டிஷ் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். இனிப்பு மிகக் குறைந்த காட்டுப் புல்லைக் கரும்போடு ஏன் சேர்த்தார்கள்? இதை மட்டும் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டியுங்கள். விடையை அடுத்த வகுப்புக்கு அவர்கள் கொண்டுவரட்டும்.